திரையில் படித்ததை ஏன் மறைக்கிறோம்?

தமிழ்த்துறை ஆய்வேடு ஒன்று மதிப்பீட்டுக்கு வந்தால், அனுபவப்பட்ட புறத்தேர்வாளர்கள் பலர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். ஆய்வாளர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதைத் துணைநூற்பட்டியல் சொல்லிவிடும். முதன்மை ஆதாரங்கள், துணைமை ஆதாரங்கள், அகராதிகள், இதழ்கள் என்று ஒழுங்காக இறங்கிவரும் பட்டியலின் அடியில், இடம் மிஞ்சியதால் சேர்த்ததுபோல் ‘இணையதளங்கள்’ என்றொரு தலைப்பு இருக்கும். அதன் கீழே கூகுள்.காம், விக்கிப்பீடியா.ஆர்க், யூடியூப்.காம் என்று நான்கைந்து பெயர்கள். எந்தக் கட்டுரை, யார் எழுதியது, எப்போது பார்த்தது என்பதற்கெல்லாம் அங்கே பதில் இல்லை. வெறும் ஊர்ப்பெயரை எழுதிப் பெட்டியில் போட்ட கடிதத்தை எந்தத் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பார்?

இதுகூடச் சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய பிழைதான். இதைவிடப் பெரிய பிழை அதே பட்டியலின் மேல்பாதியில் இருக்கிறது. அது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. ‘புறநானூறு, உ.வே. சாமிநாதையர் பதிப்பு’ என்று கம்பீரமாக ஒரு பதிவு இருக்கும். ஆய்வாளர் அந்தப் பதிப்பைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னுரையைக் கணினியில் திறந்து, வேண்டிய சொல்லைத் தேடி, பாடலை வெட்டி ஒட்டியிருப்பார். வேலை முழுக்கத் திரையில் நடந்திருக்கும். பட்டியலில் மட்டும் அச்சுப் புத்தகம் வந்து உட்கார்ந்திருக்கும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் நெறியாளரின் அறிவுரை ஒன்று உண்டு: “நெட்ல எடுத்தேன்னு போடாதம்மா, வைவால கேள்வி வரும். புக் பேரைப் போட்டுடு.”

நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த அறிவுரைதான் ஒரு பொய்யை ஆய்வு நெறியாக்கிவிடுகிறது. இணைய ஆதாரங்களை எப்படிக் குறிப்பது என்ற பேச்சு வந்தாலே காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று விவாதம் நீள்கிறது. அதெல்லாம் பிறகு. எதைப் பார்த்தோமோ அதைப் பார்த்ததாக எழுதுவது முதலில் நடக்க வேண்டும்.

அச்சுக்கு மதிப்பு, திரைக்கு இளக்காரம் என்ற எண்ணத்துக்கு ஒருகாலத்தில் காரணம் இருந்தது. 1990களின் கடைசியில் இணையத் தமிழ் என்பது ஆளுக்கொரு எழுத்துருவில் கிடந்தது. ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்த பக்கம் இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. முகம் தெரியாத தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்துகொண்டு தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தார்கள். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது; இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தும் நூலகம் தளம் 2005இல் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சொல் சொல்லாகத் தேடலாம். பெரிய நூலகம் இல்லாத ஊரின் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறை மாணவி சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்குகிறார் என்றால், இந்தத் தளங்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அந்தப் பங்கைத்தான் துணைநூற்பட்டியல் மறைக்கிறது.

மறைத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மின்னுரையைத் தட்டச்சு செய்தவர் ‘அறம்’ என்பதை ‘அரம்’ என்று அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மெய்ப்பிலும் அது தப்பிவிட்டது. அதை அப்படியே எடுத்தாண்டுவிட்டு, ஆதாரமாக உ.வே.சா. பதிப்பைக் காட்டினால், தட்டச்சுப் பிழை உ.வே.சா.வின் தலையில் விழுகிறது. அடுத்து வருபவர் அதைப் பாடபேதம் என்று நினைத்து ஒரு பக்கம் எழுதினாலும் ஆச்சரியமில்லை. மின்னுரையைச் சொல்லியிருந்தால் பிழை எங்கே நுழைந்தது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துபோயிருக்கும்.

இது தமிழுக்கு மட்டும் வந்த நோயல்ல. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மிக்கேல் சிம்கின், வாணி ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் ஒரு வேடிக்கையான வழியில் இதைக் கண்டுபிடித்தார்கள். புகழ்பெற்ற அறிவியல் கட்டுரை ஒன்றை மற்றவர்கள் 4,300 முறை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அவற்றில் 196 பதிவுகளில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ ஆண்டோ தவறு. ஆளுக்கொரு விதமாகத் தவறியிருந்தால் 196 விதப் பிழைகள் இருக்க வேண்டும். இருந்தவை 45தான். ஒரே ஒரு பக்க எண் பிழை மட்டும் 78 பட்டியல்களில் அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வந்திருந்தது. மூலக் கட்டுரையைப் பார்க்காமல், யாரோ ஒருவருடைய பட்டியலிலிருந்து பார்த்து எழுதினால்தான் இப்படி நேரும். மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படிக்கிறார் என்பது அவர்களுடைய மதிப்பீடு.

இன்னொரு கதை இதைவிடச் சுவையானது. எல்செவியர் பதிப்பகம், பட்டியலை எப்படி அமைப்பது என்று கட்டுரையாளர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு மாதிரிப் பதிவு கொடுத்திருந்தது: அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றி வான் டெர் ஹேர் முதலான மூவர் 2000இல் எழுதிய கட்டுரை. அப்படியொரு கட்டுரையும் கிடையாது, அது வந்ததாகச் சொல்லப்பட்ட இதழும் கிடையாது. ஆனால், 2017இல் ஆராய்ந்து பார்த்தபோது கிட்டத்தட்ட 400 கட்டுரைகள் அதை ஆதாரமாகக் காட்டியிருந்தன. மாதிரி வரியை நீக்க மறந்தவர்கள் பலர். நீக்காததைக் கவனிக்காத ஆசிரியர் குழுக்களும் அதே அளவுக்கு இருந்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தப் பேய்ப் பதிவுகளைத் தயாரிக்க மறதிகூடத் தேவையில்லை. கேட்டால் போதும், ஆசிரியர், தலைப்பு, இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதமாக அமைந்த, உலகிலேயே இல்லாத கட்டுரைகளை அது வரிசையாகத் தரும். 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி புனைந்துகொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்புகளைத் தேடிப் பார்த்ததால் குட்டு உடைந்தது. ஆய்வேட்டுக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிடையாது.

ஏடு தந்தவர் பெயர்

திரையில் பார்த்ததைத் திரையில் பார்த்ததாக எழுதுவது ஏதோ அமெரிக்க நடைக் கையேடுகளிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம்போல் பேசப்படுகிறது. உ.வே.சா.வின் பதிப்புகளைப் பெயருக்காகப் பட்டியலில் சேர்ப்பவர்கள் அவற்றின் முகவுரைகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். ஒப்புநோக்கிய ஏட்டுப் பிரதிகள் எவை, எந்த ஊரில், எந்த மடத்தில், எந்தக் கவிராயர் வீட்டில் கிடைத்தன என்று அவர் பெயர் பெயராகச் சொல்லியிருப்பார். குறைப் பிரதி என்றால் குறைப் பிரதி என்றே சொல்வார். அச்சு நூல்தான் உயர்ந்தது, பூச்சி அரித்த ஏட்டைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று அவர் நினைக்கவில்லை. தாம் எதைப் பார்த்தார் என்பதை மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தால்தான் தம் பதிப்புக்கு நிலைபேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கும் முன்னால் போகலாம். முத்தொள்ளாயிரம் முழுதாகக் கிடைக்கவில்லை. மூவேந்தர்களைப் பாடிய அந்த நூலில் இன்று நம்மிடம் உள்ளவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்கள். அவற்றில் பெரும்பாலானவை புறத்திரட்டு என்ற தொகைநூல் வழியாகத் தப்பியவை. அதைத் தொகுத்தவர் யாரென்று தெரியாது. ஆனால், பாடல்களோடு அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்பதையும் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், அவை பெயரில்லாத தனிப்பாடல்களாக எங்கோ கிடந்திருக்கும். மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு புத்தகமே எழுத முடிந்ததற்கும் உரையாசிரியர்களும் தொகுப்பாளர்களும் விட்டுச்சென்ற இத்தகைய குறிப்புகள்தாம் காரணம். பெயர் சொல்லாமல் உரையாசிரியர்கள் எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடியே சில அறிஞர்களுக்கு ஆண்டுகள் கழிந்தன.

மூலம் அழிந்த பிறகும் அதைப் பற்றிய குறிப்பு பேசும். இணையத்துக்கு இது ஏட்டுச்சுவடியைவிடவும் பொருந்தும்.

காணாமல்போகும் முகவரிகள்

ஏடு அழிய நூற்றாண்டுகள் ஆயின. இணையப் பக்கத்துக்குச் சில ஆண்டுகள் போதும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் கிடைக்காமல் போய்விட்டன. ஆங்கில விக்கிப்பீடியாவில் பாதிக்கும் மேற்பட்ட பக்கங்களின் மேற்கோள்களில் குறைந்தது ஒரு செத்த இணைப்பாவது இருந்தது. ஹார்வர்டு சட்டப் பள்ளியினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் தரப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, மேற்கோள் காட்டப்பட்ட செய்திக்கு இட்டுச்செல்லவில்லை.

அந்த நீதிமன்றத்தின் கதை ஒன்று. வன்முறை நிறைந்த வீடியோ விளையாட்டுகள் பற்றிய 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில், நீதிபதி சாமுவேல் அலிட்டோ ஒரு தளத்தின் முகவரியை அடிக்குறிப்பில் கொடுத்திருந்தார். பிறகு அந்தத் தளத்தின் உரிமம் காலாவதியானது. யாரோ ஒரு குறும்புக்காரர் அதே முகவரியை வாங்கி, இணையத்தை நம்பி மேற்கோள் காட்டினால் இதுதான் கதி என்று கேலி செய்யும் வாசகத்தை அங்கே வைத்துவிட்டார். முகவரி செத்துப்போவதுகூடப் பரவாயில்லை. உயிரோடு இருந்துகொண்டு வேறொன்றைச் சொல்வது அதைவிட ஆபத்து.

நம் பக்கத்திலும் முகவரிகள் நகர்ந்தபடியேதான் இருக்கின்றன. மதுரைத் திட்டமே தொடக்கத்தில் தமிழ்.நெட் தளத்தின் கீழ் இருந்தது. பின்னர் சொந்தப் பெயருக்கு மாறியது. அரசுத் துறைகளின் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய அரசாணைகளும் கொள்கை விளக்கக் குறிப்புகளும் இருந்த இடம் மாறிவிடும். நாளிதழ்கள் தளத்தின் வடிவமைப்பை மாற்றினால் பத்தாண்டுக் கட்டுரைகளின் முகவரிகள் ஒரே இரவில் செல்லாக் காசு ஆகும். ஆய்வேட்டில் முகவரியை மட்டும் கொடுத்திருந்தால், அன்றோடு அந்த ஆதாரத்தின் கதை முடிந்தது. ஆசிரியர், தலைப்பு, தளத்தின் பெயர், வெளியான தேதி எல்லாம் இருந்தால் முகவரி போனாலும் தேடிப் பிடிக்க வழி உண்டு.

பிடிப்பதற்கு ஒரு நல்ல கருவியும் இருக்கிறது. 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், இணையப் பக்கங்களைத் தேதிவாரியாகப் படியெடுத்து வைக்கிறது. அதன் வேபேக் மெஷினில் நாம் மேற்கோள் காட்டும் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்த நிமிடத்தில் இருந்தபடியே சேமித்து, தேதியோடு ஒரு புதிய முகவரி தரும். காசு இல்லை, நேரமும் அதிகம் பிடிக்காது. பட்டியலில் மூல முகவரியோடு இந்தப் படியின் முகவரியையும் சேர்த்துவிட்டால் பாதிக் கவலை விட்டது. முழுக் கவலையும் விட்டது என்று சொல்ல முடியாது. 2017 ஆகஸ்டில், இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிய வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளைத் தொடர்ந்து 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டபோது, அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சிக்கியது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாட்கள் அது படுத்துவிட்டது. ஆகவே முக்கியமான பக்கங்களை அச்சுப்படியாகவோ பிடிஎஃப் ஆகவோ எடுத்து ஆய்வாளர் தம்மிடமும் வைத்துக்கொள்வது நல்லது. வைவாவில் கேட்டால் காட்டலாம்.

எதை எழுதுவது?

மதுரைத் திட்டத்தின் மின்னுரையைத் திறந்தால் முதலில் ஒரு தலைப்பக்கம் வரும். நூலின் பெயர், மின்னுரை எண், தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். இந்தத் தலைப்பக்கத்தை நீக்காதவரை கோப்பை யாரும் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற குறிப்பும் இருக்கும். பரிதாபம் என்னவென்றால், பாடலுக்கு ஓடும் அவசரத்தில் மாணவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்தத் தலைப்பக்கத்தைத்தான். துணைநூற்பட்டியலுக்கு வேண்டியவை ஏறக்குறைய எல்லாம் அங்கேயே இருக்கின்றன. புறநானூறு, மதுரைத் திட்டம், மின்னுரை எண் இன்னது, முகவரி, பார்த்த நாள்: பதிவு முடிந்தது. மின்னுரைக்கு எந்த அச்சுப் பதிப்பு மூலம் என்று குறித்திருந்தால் அதையும் சேர்க்கலாம். பழைய கோப்புகள் சிலவற்றில் அந்தக் குறிப்பு இருக்காது. அப்போது ‘மூலப் பதிப்பு குறிக்கப்படவில்லை’ என்று எழுதுவதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. மாறாக, பாடலின் ஒரு சொல்லை வைத்தே வாதம் நிற்கிறது என்றால் அச்சுப் பதிப்பைத் தேடிப் போயாக வேண்டும் என்பதை அந்த வரியே ஆய்வாளருக்கு நினைவூட்டும்.

பக்க எண் இல்லையே என்ற கவலை தமிழிலக்கிய மாணவருக்கு அவ்வளவாக வேண்டியதில்லை. குறள் எண், பாட்டு எண், நூற்பா எண், காதை, அடி என்று பதிப்பைச் சாராத இலக்க முறை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உரைநடைக்குத்தான் சிக்கல். அங்கே உட்தலைப்பையோ எத்தனையாவது பத்தி என்பதையோ கொடுக்கலாம்.

நூலகம் தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. முகவரி மாறினாலும் எண் மாறாது. எனவே எண்ணை எழுதுவது கட்டாயம். இந்திய ஆய்வேடுகள் சேரும் சோத்கங்காவில் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் 10603 என்று தொடங்கும் நிலையான அடையாளம் இருக்கிறது. மாணவர்கள் இயல் இயலாகப் பிரிந்துகிடக்கும் பிடிஎஃப் கோப்பின் நீளமான முகவரியைக் கொடுக்கிறார்கள். அதைவிட இந்த அடையாளம் நீண்டகாலம் நிற்கும். ஆய்விதழ்களுக்கு டிஓஐ. 10 என்று தொடங்கும் இந்த எண், கட்டுரை எந்தத் தளத்துக்குக் குடிபெயர்ந்தாலும் அதன் புதிய இருப்பிடத்துக்குக் கொண்டுபோகும். இருப்பிடம் மாறினால் அதைப் பதிவுசெய்ய வேண்டியது பதிப்பகத்தின் கடமை. டிஓஐ இருக்கும் கட்டுரைக்கு வேறு முகவரி தேவையில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா கூடாதா என்று துறைகளில் இன்னும் சண்டை நடக்கிறது. பொதுவாக, அங்கே படித்துவிட்டு அதன் அடிக்குறிப்பில் உள்ள மூலத்துக்குப் போவதே சரி. ஆனால், போகாமலே அந்த அடிக்குறிப்பை மட்டும் எடுத்துத் தம் பட்டியலில் ஒட்டிக்கொள்பவரைவிட, விக்கிப்பீடியாவில் பார்த்தேன் என்று எழுதுபவர் நேர்மையானவர். அப்படி எழுதும்போது பக்கத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பக்கம் நேற்று ஒன்றும் இன்று ஒன்றுமாக மாறக்கூடியது. வரலாற்றைக் காட்டும் பகுதிக்குப் போய், படித்த அன்று இருந்த பதிப்பின் நிலையான இணைப்பை எடுக்க வேண்டும்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. விக்கிப்பீடியாவில் ‘திருக்குறள்’ பக்கத்தின் முகவரியை உலாவியில் பார்த்தால் அழகாகத் தமிழில் தெரியும். நகலெடுத்து ஆய்வேட்டில் ஒட்டினால், விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாகச் சிதறும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரிவதுதான் காரணம். திருக்குறள் என்ற ஒரு சொல் மட்டும் 99 எழுத்துகள். தட்டச்சகத்தில் அதை வரி மடக்குவதற்காக நடுவில் ஓர் இடைவெளி விட்டுவிட்டால் முகவரி செத்தது. நிலையான இணைப்பில் பதிப்பு எண் இருப்பதால் அதைக் கொண்டு சுருக்கமாகவே எழுதிவிடலாம்.

யூடியூப் உரைகளுக்கு வருவோம். பேசியவர் ஒருவர், ஏற்பாடு செய்த அமைப்பு ஒன்று, பதிவேற்றியவர் இன்னொருவர். பேசிய நாள் வேறு, பதிவேற்றிய நாள் வேறு. இந்த ஐந்தையும் பிரித்துச் சொல்லி, மேற்கோள் வரும் நிமிடம், விநாடியையும் கொடுத்தால்தான் ஒன்றரை மணி நேரப் பேச்சில் அந்த ஒரு வாக்கியத்தைத் தேர்வாளர் கண்டுபிடிக்க முடியும். நாளிதழ்க் கட்டுரை என்றால் அச்சில் பார்த்ததா தளத்தில் பார்த்ததா என்று சொல்ல வேண்டும். இரண்டிலும் தலைப்பு வேறாக இருப்பது சாதாரணம். ஆசிரியர் பெயரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: எஸ். ராமகிருஷ்ணன் என்று எழுதினால் எழுத்தாளரா, ‘க்ரியா’ பதிப்பாளரா என்பது மற்ற விவரங்கள் இருந்தால்தான் தெரியும். துணைநூற்பட்டியலைத் தயாரிக்க உதவும் சோடெரோ போன்ற மென்பொருள்கள் குடும்பப் பெயர் கேட்கும்போது நம் தலைப்பெழுத்தையோ அப்பா பெயரையோ கொண்டுபோய் அங்கே நிரப்பிவிடுவதும் தனிக் கூத்து.

பார்த்த நாளை எழுத வேண்டுமா? அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏழாம் பதிப்புக் கையேடு, மாறக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் போதும் என்கிறது. நவீன மொழிச் சங்கம் 2009இல் இணைய முகவரியே வேண்டாம் என்றது. 2016இல் மறுபடியும் வேண்டும் என்றது. கையேடுகள் தம் மனதை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். தமிழ்த் தளங்கள் பலவற்றில் வெளியான தேதியே இருப்பதில்லை என்பதால், பார்த்த நாளை எப்போதும் எழுதிவிடுவது நமக்கு நல்லது என்பது என் கருத்து. ஒரு தேதி எழுத எவ்வளவு மை செலவாகிவிடும்?

சாட்ஜிபிடி போன்றவை தரும் பதிலை ஆதாரமாகப் பட்டியலில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அதே கேள்வியை இன்னொருவர் கேட்டால் வேறு பதில் வரும். மூன்றாமவர் எதைச் சரிபார்ப்பது? மொழிபெயர்ப்புக்கோ தரவைத் தொகுப்பதற்கோ பயன்படுத்தியிருந்தால் ஆய்வு முறையியல் பகுதியில் அதை விளக்கமாகச் சொல்லட்டும். அதன் இடம் அங்கேதான்.

பட்டியலைப் படிப்பவர் யார்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள், பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமையைக் குற்றமாகக் கொள்வதில்லை. அதற்கு மேல் போனால் படிப்படியாகத் தண்டனை. இந்த ஒப்புமையைக் கணக்கிடும்போது துணைநூற்பட்டியலை விலக்கிவிட வேண்டும் என்பதும் விதி. அது நியாயம்தான், ஒரே நூலை இருவர் குறித்தால் இரண்டு வரியும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால், இதன் விளைவாக ஆய்வேட்டில் இயந்திரம் தொடாத பகுதிகளில் ஒன்றாகப் பட்டியல் ஆகிவிட்டது. மனிதர்களும் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். ‘நூற்றைம்பது நூல்கள்’ என்றால் திருப்தி. அவற்றில் எத்தனை உண்மையிலேயே திறக்கப்பட்டவை என்று கேட்பார் இல்லை.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் பற்றிய இரண்டு மதிப்பலகுப் பாடத்தை மானியக் குழு கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஒரு வகுப்பையாவது கணினிக்கு முன்னால் நடத்தி, ஒவ்வொரு மாணவரும் தம் பட்டியலில் உள்ள ஐந்து இணைப்புகளைத் திறந்து காட்டும்படி செய்யலாம். வைவாவில் புறத்தேர்வாளர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று பதிவுகளைத் தொட்டு, ‘இதை எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்கட்டும். அச்சு நூல் என்றால் எந்த நூலகத்தில் என்று சொல்லட்டும், மின்னுரை என்றால் திறந்து காட்டட்டும். இதற்கு ஆட்சிக்குழுத் தீர்மானமோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை.

தீர்மானம் வேண்டியது வேறு இடத்தில். மின்னுரைகளை மின்னுரை என்றே குறித்தால் மதிப்பெண்ணிலோ ஏற்பிலோ பாதகம் வராது என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆய்வேட்டு வழிகாட்டியில் வெளிப்படையாக ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி இல்லாதவரை ‘புக் பேரைப் போட்டுடு’ என்ற அறிவுரை நிற்காது. எந்த மாணவரும் நெறியாளரின் சொல்லை மீறி உண்மையை எழுதித் தம் பட்டத்தைப் பணயம் வைக்கப் போவதில்லை.

தளம் நடத்துபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கட்டுரையின் மேலே ஆசிரியர் பெயரும் வெளியான தேதியும், பிறகு திருத்தியிருந்தால் திருத்திய தேதியும் இருக்க வேண்டும். முகவரிகளை மாற்றாதீர்கள் என்று வைய விரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதினார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய முகவரியைத் தட்டுபவரைப் புதிய இடத்துக்குத் தானாகவே திருப்பிவிடும் ஏற்பாடு எல்லா வழங்கிகளிலும் இருக்கிறது. நிரலர்களுக்கு அது பழகிய வேலை. அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் தளத்தைப் புதுப்பிக்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, நிறத்தையும் நகரும் படங்களையும் பற்றிய நிபந்தனைகளுக்கு நடுவே இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம்: பழைய இணைப்புகள் அனைத்தும் வேலை செய்வதைச் சோதித்துக் காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணம்.